வேலை முடிந்த தகடு

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். ஊர் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

சீடர் அமிர்தலிங்க பத்தர், திருக்கடையூர்க்காரர். செம்பு, குடம், குத்துவிளக்கு, எதைக் கொடுத்தாலும் பேர் வெட்டித் தருவார். அவர் வெட்டிய எழுத்தைக் கண் தெரியாதவர்கூடத் தடவிப் படிக்கலாம் என்பார்கள். அவருக்கு மீசை நரைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

குரு எஸ்தரம்மாள். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த தெருவில் அவளுக்கு ஒரு பட அச்சுக்கூடம் இருந்தது. கோட்டையில் டேனிஷ்காரர்களின் கொடி பறந்த காலம். கப்பல் தலைவர்களும் பாதிரிமார்களும் அங்கே வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, தங்கள் முகத்தைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்புவார்கள். அந்த வேலையை ஒரு வெள்ளைக்காரரிடம் கற்றவன் எஸ்தரம்மாளின் புருஷன். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு அவன் செத்துப்போனான். கூடத்தை அவளே நடத்தினாள்.

கோட்டைக்குப் புதுத் தளபதி வந்தால் பழைய தளபதியின் செப்புத் தகட்டையே எடுப்பாள். சட்டை, பித்தான், வாள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் சுரண்டி வேறு தலை வைப்பாள். உடம்புக்கு உத்தியோகம் நிரந்தரம், தலைக்குத்தான் ஆபத்து. அவர்களில் யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. தளபதிகள் தங்கள் முகத்தை மட்டும்தானே பார்ப்பார்கள்.

பத்தர் வந்து நின்றபோது அவள் அப்படி ஒரு தலையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும் பத்தரே?"

"கத்துக்கணும்மா."

"உங்களுக்குத் தெரியாத உளி வேலையா?"

"எழுத்து வெட்டுவேன். முகம் வெட்டத் தெரியாது."

"யார் முகம்?"

"என் மக. அபிராமி. கல்யாணம் பேச ஆரம்பிச்சிருந்தோம். போன வருஷம் பேதியில போயிட்டா."

எஸ்தரம்மாள் சுரண்டியைக் கீழே வைத்தாள். "அவளை யாராவது எழுதின படம் இருக்கா?"

"எங்களை யாரும்மா எழுதப்போறாங்க? என் கண்ணுலதான் இருக்கா."

"நீங்க அடையாளம் சொல்லுங்க. நான் வெட்டித் தரேன்."

பத்தர் வாயைத் திறந்தார். கண், மூக்கு என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டார். எல்லாப் பெண்ணுக்கும் இருப்பதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"சொல்ல வரலைம்மா. கைக்கு வரும்னு தோணுது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குன்னா கேக்க மாட்டேன். என் வீட்டுக்காரிக்கு அவ முகம் மறந்துகிட்டே வருதாம். நேத்து அடுப்படியில உக்காந்து அழுதா. பொண்ணு போன அன்னிக்குக்கூட அப்படி அழலை."

எஸ்தரம்மாள் எழுந்து, சன்னல் ஓரத்தில் அவருக்கு ஒரு பாயைப் போட்டாள்.

முதல் நாள் அவள் கொடுத்தது ஒரு விசித்திரமான உளி. வாய் வளைந்து, விளிம்பு முழுக்கப் பொடிப் பல். அதைத் தகட்டின் மேல் நிறுத்தி இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும்.

"இதுக்கு எங்க வீட்டுல தொட்டில்னு பேரு" என்றாள். "இது ஆடற இடமெல்லாம் பொடி முள் எழும்பும். முள்ளுல மை தங்கும். தகடு முழுக்க ஆட்டி அச்சு எடுத்தா, காகிதம் முழுக்கக் கறுப்பா வரணும்."

"முகம்?"

"அப்புறம். எங்கெல்லாம் வெளிச்சம் வேணுமோ அங்கெல்லாம் முள்ளைச் சுரண்டி மெருகேத்தணும். நெத்தி, கன்னம், கண்ணுல இருக்கற பொட்டு வெளிச்சம். கறுப்புக்குள்ள இருந்து முகம் மெல்ல மேல வரும்."

"கோடு எப்ப போடறது?"

"கோடே கிடையாது."

பத்தருக்கு அது பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கோட்டை நம்பிப் பிழைத்தவர். ஆனாலும் ஆட்டினார். நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை. அவள் தகட்டைச் சாய்த்துப் பார்த்து, "இன்னும் வெள்ளை தெரியுது, ஆட்டுங்க" என்பாள். அவர் மறுபடி ஆட்டுவார். மழைக்காலம் அப்படியே போயிற்று.

ஒருநாள் ஆட்டிக்கொண்டே சொன்னார். "அபிராமிக்கு நான் தொட்டில் ஆட்டினதே இல்லைம்மா. எல்லாம் அவ அம்மாதான். எனக்குப் பட்டறையே கதின்னு இருந்துட்டேன்."

"இப்ப ஆட்டுங்க" என்றாள் எஸ்தரம்மாள்.

சன்னல் மேடையில் கையகலத் தகடு ஒன்று எப்போதும் இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும். கைப்பழக்கத்துக்கு அதைக் கேட்டார் பத்தர்.

"அது வேலை முடிஞ்ச தகடு" என்றாள்.

"அதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"முடிஞ்சுபோச்சு பத்தரே."

நல்ல செம்பு கிடைக்காமல் எல்லோரும் அலைகிறபோது ஒரு தகட்டைச் சும்மா வைத்திருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றியது. சாயங்காலம் கூடத்தைப் பூட்டும் முன் அவள் அதைக் கையில் எடுப்பாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு வைப்பாள். தூசி துடைக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதை அவள் சொல்லிக்கொடுத்தாள். தகட்டில் திரும்பி இருந்தால்தான் காகிதத்தில் நேராக வரும். செம்பில் வெட்டுவதைச் செம்பிலேயே படிக்கிற வேலை செய்தவருக்கு இது புதிது. ஆனால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். தகட்டின் அடியில் 'அபிராமி' என்று திருப்பி வெட்டிப் பார்த்து அவரே சந்தோஷப்பட்டார்.

அதன் பிறகுதான் முகத்தைத் தொட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்ப்பதுபோலச் சுவரைப் பார்ப்பார். தகட்டில் கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி சுவரைப் பார்ப்பார். எஸ்தரம்மாள் குறுக்கே பேசவில்லை. அந்தப் பெண்ணை அவள் பார்த்ததில்லை.

அச்சு எடுக்கிற நாள் வந்தது. மை பூசித் துடைத்து, ஈரக் காகிதத்தைப் போர்த்தி, உருளைக்கு அடியில் விட்டு எடுத்தார்கள். காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து எஸ்தரம்மாள் மெல்ல உரித்தாள்.

அபிராமி இருந்தாள். உதட்டைக் கொஞ்சம் மடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பத்தர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார். "மூக்குத்தி" என்றார்.

"என்ன?"

"வலது மூக்குல போட்டிருந்தாம்மா. இதுல இடது மூக்குல இருக்கு. அம்மிக்கல்லுல விழுந்த தழும்பும் வலது புருவத்துலதான். அதுவும் மாறிப்போச்சு." அடியில் இருந்த பேரைப் பார்த்தார். அது ஒழுங்காக, நேராக இருந்தது. "எழுத்துக்குத்தான் இடம் வலம்னு நினைச்சேன். முகத்துக்கும் இருக்கும்னு தோணவே இல்லையே."

"நானும் கேக்காம விட்டேன்" என்றாள் எஸ்தரம்மாள்.

பத்தர் தகட்டைக் கையில் எடுத்தார்.

"அழிக்கறதுக்கு முன்னால இந்தக் காகிதத்தை வீட்டுல காட்டுங்க பத்தரே."

"இதையா? இது வேற யாரோ மாதிரி இருக்கும்மா."

"அவங்க பாக்கட்டுமே."

"பேர் தப்பா வெட்டின செம்பை என்னிக்கும் என் பட்டறை வாசல் தாண்ட விட்டதில்லை. என் மகளையா தப்பா அனுப்புவேன்?"

எஸ்தரம்மாள் சுரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முகம் இருந்த இடம் முழுக்கச் சுரண்டினார். தகட்டைக் கவிழ்த்துப் பட்டடைக் கல்லில் வைத்து, பள்ளமான இடங்களைப் பின்னாலிருந்து தட்டித் தட்டி மேலே எடுத்தார். அதுவரை கை ஒழுங்காக ஓடியது. தட்டியபிறகும் அபிராமியின் கண் இருந்த இடம் லேசாகத் தெரிந்தது. அதன் மேல் தொட்டிலை நிறுத்தினார். ஆட்ட முடியவில்லை.

"நான் ஆட்டட்டுமா?"

"வேண்டாம்மா."

முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஆட்டினார். மகள் மறுபடி கறுப்புக்குள் போனாள். அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று அவருக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

இந்த முறை தப்பு வரக்கூடாது என்பதற்காக எஸ்தரம்மாள் ஒரு வழி சொன்னாள். தகட்டுக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கண்ணாடிக்குள் தெரிகிற தகட்டைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். கண்ணாடிக்குள் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் காகிதத்தில் வரும்.

பத்தர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். "தையலு, அபிராமியோட கண்ணாடியை எடு."

தையல்நாயகி அதை அபிராமியின் பாவாடைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். "எதுக்குங்க?"

"வேலைக்கு வேணும்."

அவள் அதை மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நீட்டினாள். "பத்திரமா கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கண்ணாடியைப் பார்த்தபடியே பத்தர் கறுப்பைச் சுரண்டினார். கை ஒரு பக்கம் போனால் கண்ணாடிக்குள் மறுபக்கம் போயிற்று. பழக நாளானது. ஆனால் இந்த முறை அச்சு எடுத்துக் காகிதத்தை உரித்தபோது மூக்குத்தி வலது மூக்கில் இருந்தது. தழும்பு வலது புருவத்தில் இருந்தது. எதிரே நின்று "அப்பா, சோறு ஆறுது" என்று கூப்பிட்ட அதே முகம்.

காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கண்ணாடியைக் கூடத்திலேயே மறந்து வைத்துவிட்டார்.

தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவதான்" என்றாள்.

"மூக்குத்தியைப் பாரு. தழும்பைப் பாரு."

"எல்லாம் சரியா இருக்குங்க."

விளக்கு மாடத்தில் படத்தை வைத்து, ஒரு கனகாம்பரம் கிள்ளிப் போட்டாள். அழவில்லை. மனசு ஆறிவிட்டது போலிருக்கிறது என்று பத்தர் நினைத்தார். கைவேலைக்காரர்களுக்கு இப்படித்தான் சீக்கிரம் நிம்மதி வந்துவிடுகிறது. தினமும் பூ மாறியதைக் கவனித்தவர், பூ வைக்கும்போது அவள் படத்தைப் பார்க்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் சுரண்டியைச் சாணை பிடிக்க வீட்டுக்கு எடுத்துவந்தார். கூடத்தில் கைக்குக் கிடைத்த வீணான காகிதத்தில் சுற்றி, கூரையில் செருகிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது தையல்நாயகி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். சுரண்டி தரையில் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த காகிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். முதல் முறை எடுத்த அச்சு அது. சுரண்டியின் முனை பட்டுக் கன்னம் கிழிந்திருந்தது. எண்ணெய் ஊறிப் பாதி முகம் மஞ்சளாகியிருந்தது.

"இதை ஏன் எங்கிட்ட காட்டலை?"

"அது தப்பாப் போச்சு தையலு. பாரு, மூக்குத்தி இடது மூக்குல இருக்கு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தினமும் அவளுக்குத் தலை வாரினது யாருங்க?"

"நீதான்."

"நான் பின்னால உக்காந்து பின்னுவேன். அவ கண்ணாடியைக் கையில வச்சிருப்பா. அதுலதான் எங்களுக்குப் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம். எதிர்ல நின்னு அவளைப் பாக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு? அடுப்பைப் பாப்பேன், மாட்டைப் பாப்பேன். அவ முகத்தை நான் பாத்ததெல்லாம் அந்தக் கண்ணாடியிலதாங்க. எனக்குத் தெரிஞ்ச அபிராமி இவதான்."

பத்தர் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடத்துல இருக்கறவ உங்க பொண்ணு" என்றாள் தையல்நாயகி. "அழகா இருக்கா. ஆனா எங்கிட்ட பேச மாட்டேங்கறா. இதுல கிழியாம இன்னொண்ணு எடுத்துக் குடுக்கறீங்களா?"

"தகட்டுல அது இல்ல."

"எங்க போச்சு?"

"நான்தான் அழிச்சேன்."

அவள் அவரை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அது அவருக்கு ஏச்சைவிடப் பெரிதாக வலித்தது.

மறுநாள் பத்தர் கூடத்துக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னார். எஸ்தரம்மாள் கேட்டுக்கொண்டாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை.

"இன்னொரு தகடு குடுங்கம்மா. முதல்ல செஞ்ச மாதிரியே செஞ்சு குடுத்துடறேன்."

"கண்ணை மூடுங்க" என்றாள்.

மூடினார்.

"பொண்ணு வராளா?"

வெளியே அலை அடித்துக்கொண்டிருந்தது. பத்தர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். கண் நிறைந்திருந்தது.

"படம்தாம்மா வருது. மாடத்துல இருக்கற படம். அவ வரலை."

"வெட்டி முடிச்சா அப்படித்தான் ஆகும்."

"அப்ப ரெண்டு பேருக்கும் இல்லாம பண்ணிட்டேனா?"

அவள் அலமாரியிலிருந்து அவருடைய தகட்டை எடுத்தாள். மையைப் பூசி, மெல்லிய துணியால் வழக்கம்போலத் துடைத்தாள். காகிதத்தைத் தொடவில்லை. தகட்டை அப்படியே சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாருங்க."

பத்தர் பழக்கத்தில் கண்ணாடியைத் தேடினார்.

"கண்ணாடி வேண்டாம். வெறும் கண்ணால பாருங்க."

பார்த்தார். முதலில் செம்பின் மினுமினுப்புத்தான் தெரிந்தது. அவள் கொஞ்சம் சாய்த்தாள். கறுப்புக்குள்ளிருந்து அபிராமி எழுந்து வந்தாள். மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது. தழும்பு இடது புருவத்தில் இருந்தது. அத்தனை நாளும் கண்ணாடியையும் காகிதத்தையும் பார்த்தவர், தகட்டை நேராக ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

பெரிய ஆள் என்று பார்க்காமல் பத்தர் சத்தம் போட்டு அழுதார். எஸ்தரம்மாள் தகட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இனிமே அச்சு எடுக்க வேண்டாம்" என்றாள். "இப்படியே கொண்டுபோய் அவங்க கையில குடுங்க."

பத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகட்டை வாங்கித் துண்டில் சுற்றப் போனவர் நின்றார். கைவேலைக்காரர்தானே, உடனே அந்தக் கவலை வந்துவிட்டது.

"அவ இதைத் தொடுவாம்மா."

"தொடுவாங்க."

"தினமும் தொடுவா. தொட்டா முள்ளெல்லாம் மடிஞ்சிடும்."

"மடிஞ்சிடும்."

"அப்புறம் மை தங்காது. முகம் போயிடும்."

எஸ்தரம்மாள் எழுந்தாள். சன்னல் மேடையில் இருந்த கையகலத் தகட்டை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

பத்தர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். தன் மீசைதான் தெரிந்தது. அடி விளிம்பில், விரல் அதிகம் போகாத இடத்தில், சின்ன எழுத்து ஒரு வரி மிச்சம் இருந்தது. திருப்பி வெட்டியது. அதைப் படிக்க இப்போது அவருக்குத் தெரியும். 'மாசிலாமணி. அவர் மனைவி எஸ்தர் வெட்டியது.'

"உங்க வீட்டுக்காரரா?"

தலையை ஆட்டினாள்.

பத்தர் தகட்டை மறுபடி பார்த்தார். நெற்றி எங்கே இருந்திருக்கும், கன்னம் எங்கே இருந்திருக்கும் என்று தேடினார். எல்லா இடமும் ஒரே வழவழப்பாக இருந்தது. மெருகுக்கோலால்கூட அப்படி ஒரு வழவழப்பு வராது.

அதை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். தன் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"தொடாம வச்சுக்கன்னு தையல்கிட்ட சொல்லிக் குடுக்கட்டுமாம்மா?"

எஸ்தரம்மாள் தகட்டைச் சன்னல் மேடையில் வைத்தாள். அவள் கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது.

"சொல்லுங்க பத்தரே. நானும் எனக்குத் தினம் சொல்லிக்கிட்டுதான் தொட்டேன்."